ஐந்து டிகிரி

காலை ஆறு மணிக்கு ஸிக்வே விழுங்கிய மாத்திரை
மருந்தில்லை, வெப்பமானி.
குடலுக்குள் இருந்துகொண்டு
பத்து விநாடிக்கு ஒருமுறை சொல்கிறது:
முப்பத்தேழு புள்ளி ஒன்று.
திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டான்.
வேண்டவே வேண்டாம் என்றேன்.
அவன் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.
பத்தொன்பது வயது.

வெளியே பிப்ரவரி.
சூரியன் ஊர் திரும்பி ஒன்பது நாள்தான்,
இன்னும் மலைவிளிம்பைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது.
உள்ளே, எஃகுத் தொட்டியில், ஐந்து டிகிரி நீர்.
பலகையில் இருபத்தைந்து துளை, இருபத்தைந்து ஆணி.
கடிகாரத்துக்கு நான் பொறுப்பு.
உலர்ந்த கையால் அவனுக்கு முப்பத்தொன்பது விநாடி.

முதல் நிமிடம், வலி: பத்துக்கு எட்டு.
மூன்றாம் நிமிடம், வலி: பத்துக்கு நான்கு.
குறைகிறதே என்று மகிழ ஒன்றுமில்லை,
கை பேச்சை நிறுத்துகிறது, அவ்வளவுதான்.
நெஞ்சுக்குக் கனல் மிச்சம் பிடிக்க
உடல் முதலில் சாத்துவது விரல்களின் கதவை.
பிறந்தது முதல் கூட இருந்த கையை
இவ்வளவு சுலபமாகக் கைவிடுகிறது.

பதினைந்தாம் நிமிடம் ரப்பர் தொடையில்
வாரை இறுக்கி இரத்தம் நிறுத்த வேண்டும்.
கொக்கியைக் கண்ணால் தேடினான்.
பிடித்திருக்கிறேனா என்று என்னைக் கேட்டான்.
ரப்பர் மனிதன் எத்தனையாவது நிமிடத்தில் செத்தான் என்று
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
நான்கு என்று எழுதினேன்.

டாக்டர் தூருன் செய்த கையுறை, மூன்றாம் மாதிரி,
முன்கை நெடுக மின்னிழை.
விரலைச் சூடாக்காதே, விரலுக்குப் போகும் வழியைச் சூடாக்கு
என்பது அவள் கட்சி.
நல்ல கட்சிதான். இடது கட்டைவிரலில் மட்டும்
பொசுக்கிவிடுகிறது.

தரை துடைக்க வந்த யோரித்
தொட்டியில் கைவிட்டது விளையாட்டுக்கு.
"இதற்கா இந்த முகம்?"
தூருன் விளையாட்டாகவே அவள் விரலில் கம்பியை ஒட்டினாள்.
எட்டு. ஏழரை. ஏழரை.
ஐந்தாம் நிமிடம் கோடு எழுந்தது:
பதினொன்று, பதினான்கு.
இறங்கியது, மறுபடி எழுந்தது.
படித்தவர்கள் இதற்கு வைத்த பெயர் வேட்டை.
சாத்திய கதவை இரத்தமே தள்ளித் திறந்து
விரல்நுனிவரை போய்
உயிர் இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறது.
எல்லோருக்கும் வரும், சிலருக்கு முந்தி வரும்.
ஆணிகள்: நாற்பத்து மூன்று விநாடி.
அதிலும் பாதி நேரம்
பேருந்துக் கட்டணத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வார்டோவில் காட் மீன் அறுக்கும் வரிசையில்
இருபத்திரண்டு வருடம் நின்றவள்.

தூருன் ஓடிப்போய் ஒப்புதல் படிவம் கொண்டுவந்தாள்.
வீரர்கள் கடைசிப் பக்கத்துக்குத் தாவுவார்கள்.
யோரித் நான்கு பக்கமும் படித்தாள்.
மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்தாள்.
பயன்பெறுவோர்: படையினர்.

"எங்கள் வரிசையில் நாற்பது பேர்.
இரண்டு பேருக்கு விரல் வெளுத்தது வெளுத்ததுதான்.
மாதம் இரண்டு ஜோடி நீல ரப்பர் கையுறை தந்தார்கள்.
அப்போது கடிகாரத்தோடு ஒருவரும் வரவில்லை.
மீன் திருப்பிச் சுடாது, அதனாலா?"

தூருன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
அது அழுக்காக இல்லை.

ஈரக் கையாலேயே கையெழுத்துப் போட்டாள் யோரித்,
ஒரு எழுத்தும் நடுங்கவில்லை.
அதன் கீழே, கேட்காமலே எழுதினாள்:
நாற்பது ஜோடி. அளவு ஏழு. வார்டோ.
அந்த வரியை எந்தக் கோப்பில் சேர்ப்பதென்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூலையில் கம்பளிக்குள் ஸிக்வே.
விரல்களுக்கு உணர்வு திரும்பும் நேரம்,
சூடான திராட்சைச் சாறு ஆறிக்கொண்டிருக்க
சத்தமில்லாமல் அழுதான்.
பத்துக்குப் பத்து இருக்கும்.
சோதனை முடிந்துவிட்டது, அதை எழுதக் கட்டமில்லை.

மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியது.
பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.
கார்கள் நிற்குமிடத்தைக் கடக்கும்வரை
அவன் குடலிலிருந்து எண்கள் வந்தன.
முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
பிறகு திரையில் வெறும் கோடு.

எல்லை தாண்டிவிட்டான், அவ்வளவுதான்,
கருவி எட்டும் எல்லை
என்று எனக்கு நானே
இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.